நீ கேட்ட சம்பளமும் நான் தூக்கிப்போன திராட்சைப் பெட்டியும்

பாண்டி,

கம்பத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். நானும் பாதிப் பேச்சை விட்டுவிடுகிறேன். அதனால் யாழினி போன லீவில் விட்டுப்போன கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். அதையும் என் பேத்திதான் சொல்லிக்கொடுத்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை! நான் மூன்று தரம் என் கட்டைவிரலையே படம் எடுத்தபோதும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீ தனியாக உட்கார்ந்து வாசி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் கணக்குப் பார்த்த கம்பெனி உங்கள் பிரிவையே மூடிவிட்டது. நாலு மாதமாக கோயம்புத்தூரில் நீ ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். போனால் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, உன் வயதில் பாதி இருக்கிற பிள்ளைகள் நாலு பேரோடு சேர்த்துக் காகித டம்ளர்களை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொன்னார்களாம். "கணக்கப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலம்மா" என்றாய். கோபுரம் சரிந்தபோது எல்லாரும் கைதட்டினார்களாம். அப்புறம் ஒரு பெண், "சின்னப் பசங்க சொன்னா கேட்டு நடப்பீங்களா சார்?" என்று கேட்டாளாம். நீ நடப்பேன் என்றாயாம். வாரத்தில் மூன்று நாள் வேலை, பாதிச் சம்பளம், மற்ற நாளிலும் போன் வந்தால் எடுத்துப் பேசவேண்டும், போகப் போக முழு வேலையாக்குவார்களாம், திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு நீ மெதுவாக, "சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன்மா. இதுக்கு மேல நான் போயி என்னத்தக் கேக்கறது" என்றாய். முதலில் சொன்னதையெல்லாம் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்த நோட்டை எடுக்க வைத்தது. அந்த வார்த்தை உன்னுடையது இல்லை பாண்டி. அது எங்கிருந்து உன் வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லத் தைரியம் வரும்வரை கொஞ்சம் என் கதையைக் கேள்.

போன மாதம் நான் வேலைக்குப் போகப்போகிறேன் என்றபோது நீ கோபப்பட்டாய். "அறுபத்தி நாலு வயசுல வேலையா? நான் சோறு போடலையா?" என்றாய். உன் கையில் வேலையில்லாத நேரத்தில் அம்மா கிளம்புகிறாளே என்ற ரோஷம் அது. எனக்குப் புரிந்தது. உத்தமபாளையம் போகிற வழியில் புதிதாக ஒரு ஏலக்காய் பேக்கிங் கம்பெனி வந்திருக்கிறது. நிறம் பார்த்துப் பிரிக்க மிஷின் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குப் பச்சைப் பசேலென்று போகிற காயில் வாசம் இல்லை என்று வாங்கினவர்கள் திட்டி எழுதுகிறார்களாம். மிஷினுக்கு மூக்கு இல்லையே. முப்பத்தொரு வருஷம் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கின ஒருத்தி நம் தெருவில் இருக்கிறாள் என்று, அங்கே லேபிள் ஒட்டுகிற பிள்ளை போய்ச் சொல்ல, என்னை இன்டர்வியூவுக்கு வரச்சொன்னார்கள். பயோடேட்டாவை யாழினிதான் போனில் கேட்டுக் கேட்டு எழுதி அனுப்பினாள். "படிப்பு அஞ்சாவதுன்னு போடணுமா அப்பத்தா? விட்டுடலாமா?" என்று தயங்கினாள். போடு, அஞ்சு வருஷமும் ஒழுங்காகப் படித்ததுதான் என்றேன். அனுபவம் என்ற இடத்தில் முப்பத்தொரு வருஷம் என்று எழுதிவிட்டு, "எங்க மிஸ் வயசவிட ஜாஸ்தி அப்பத்தா" என்று அவள் வியந்தபோது எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருந்தது.

என் இன்டர்வியூவும் உன்னுடையதைவிட லேசுப்பட்டதில்லை. கண்ணாடி ரூமில் ஏசி போட்டு என்னை நடுங்கவைத்தார்கள். முதலாளிப் பையனுக்கு முப்பது வயது இருக்கும், பக்கத்தில் ஆபீஸ் பார்க்கிற ஷைனி என்று குமுளியிலிருந்து வருகிற மலையாளப் பெண். பையன் ஒரு காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான். "உங்க பலவீனம் என்னம்மா?" "முட்டி" என்றேன். "படியேறுனா வலிக்கும். வேலை மாடியிலயா கீழயா?" அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுதினாள். பிறகு ஐந்து கிண்ணத்தில் காய் வைத்து, எது பழையது, எது புதியது, வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்கள். மோந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல ஐஸ் வாசம் அடிக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு, "தம்பி, இந்த ஏசியை நிப்பாட்டுங்க. குளுந்த காய்க்கு வாசம் எந்திரிக்காது" என்றேன். இன்டர்வியூவுக்கு வந்தவள் ஏசியை நிறுத்தச் சொல்கிறாளே என்று அவன் முழித்தான். நிறுத்தினான். கால் மணி நேரம் மூன்று பேரும் வேர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் தோலை நகத்தால் கீறி விதையைப் பார்த்தேன். கறுத்து, பிசுக்கென்று ஒட்டினால் புதுசு. பழுப்பாக உதிர்ந்தால் பழசு. நாலு கிண்ணத்தை வரிசைப்படுத்திவிட்டு, ஐந்தாவதைத் தள்ளி வைத்தேன். "இதுல ரெண்டு வருசத்துக் காய் கலந்து கெடக்கு. இத வரிசையில சேக்க முடியாது." பையன் ஷைனியைப் பார்த்தான், ஷைனி காகிதத்தைப் பார்த்தாள். அதைத்தான் அவர்கள் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தார்களாம்.

நீ அந்த டம்ளர் கோபுரத்தை அவமானமாக எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளாதே. எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் என்ன கேட்பது என்று பாதி நேரம் தெரிவதில்லை, யாரோ எழுதிக்கொடுத்ததைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் உனக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பார். என் முட்டியைச் சொன்னதால்தான் இன்று என் மேசை கீழ்த்தளத்தில் இருக்கிறது. சின்னவர்கள் சொன்னால் நடப்பீர்களா என்று உன்னிடம் கேட்டார்களே, நடப்பேன், என்ன சொல்வீர்கள், எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்று நீயும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாம். போகட்டும். திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த தப்பைச் சொல்கிறேன். "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றான் பையன். நம் பக்கத்துப் பொம்பளையிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்வாள்? மார்க்கையன்கோட்டையில் பிறந்தேன், இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று ஆரம்பித்தேன். பையன் நாற்காலியில் நிமிர்ந்தான். "எங்க அப்பாவுக்கும் மார்க்கையன்கோட்டைதான்!" விடுவேனா? நீ யார் மகன், எந்த வீடு என்று தோண்டினால், என் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கவேலுவின் மகன்! "அடப்பாவி, ஒன்னை நான் தொட்டில்ல ஆட்டியிருக்கேன்லே!" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தை! மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? அத்தைக்குப் போயி இன்டர்வியூ வச்சுக்கிட்டு இருக்கேன்!" காப்பி வந்தது, வடை வந்தது. வடையைக் கடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, சம்பளப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டது என்று. நான் மெதுவாக, "வேலை எத்தன நாளு, எவ்வளவு நேரம்?" என்று இழுத்தேன். "தெனமும் நாலு மணி நேரம் வாங்க அத்தை. சரக்கு வர்ற நேரத்துக்குக் கூப்புடுவேன். நமக்குள்ள என்ன சம்பளப் பேச்சு? இது நம்ம கம்பெனி. ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அந்தக் கடைசி வரியை என் முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை வாயில் கேட்டிருப்பேன்! பழைய கடை முதலாளியும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். நல்ல மனுஷர், உன் அப்பா செத்தபோது மூன்று நாள் வந்து நின்றார். ஆனால் காலையில் போய் லாரிக்காகச் சாக்கை விரித்துக் காத்திருப்போமே, மதியத்துக்கு மேல்தான் லாரி வரும். காத்திருந்த நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. பொறுக்கின காய்க்கு மட்டும்தான் கூலி. தங்கச்சி என்று கூப்பிடுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று முப்பத்தொரு வருஷமும் வாயைத் திறக்கவில்லை. மருமகன் அன்பாகத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பாகச் சொன்னதால்தான் பயந்தேன்.

வடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "மருமகனே, கோவிச்சுக்காத. அத்தையா ஒங்க வீட்டுக்கு வந்தா நீ போடுறத சாப்பிட்டுட்டு வருவேன். இங்கன வேலைக்கில்ல வந்திருக்கேன். நீ எந்திரிச்சு கொஞ்சம் வெளிய இரு. இந்தப் பிள்ளைகூட நான் பேசிக்கிறேன்." "என் ரூம விட்டு என்னையே வெளிய போகச் சொல்றீகளா?" "ஆமா. நீ இருந்தா எனக்குக் கேக்க வாய் வராது." அவன் சிரித்தானா முறைத்தானா என்று தெரியவில்லை, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கண்ணாடி வழியே எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தா அம்மச்சி, சாரையே வெரட்டியாச்சு. சொல்லுங்க" என்றாள் ஷைனி. எனக்குப் பயமாகத்தான் இருந்தது பாண்டி. பேச ஆரம்பித்ததும் குரல் வேறு பிசிறியது. ஆனாலும் சொன்னேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள், ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. அதற்கு மேல் என் கண்ணுக்கு நிறம் தெரியாது, மூக்கும் மரத்துவிடும், நான் பார்த்துக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். மற்ற நாளில் கூப்பிட்டால் வருவேன், அது தனி நாள் கணக்கு. நான் வந்து சரக்கு வராவிட்டாலும் அது நான் வேலை பார்த்த நாள். நான் கடைசியில் சொன்னதைக் கேட்டு அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மச்சி, ஒருத்தருக்கு இப்படி எழுதினா எல்லாரும் கேப்பாங்களே?" "கேக்கட்டுமே" என்றேன். அவள் பேனாவை எடுத்து எழுதினாள். பஸ் காசும் கேட்டேன். "பஸ்தான் உங்களுக்கு ப்ரீ ஆச்சே அம்மச்சி!" என்றாள். அதை விட்டுவிட்டேன். நான் சொன்ன சம்பளத்திலும் கொஞ்சம் குறைத்தாள், நானும் ஒத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள், மருமகன் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டான். "அத்தை பெரிய ஆளுதான்" என்று முணுமுணுத்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் தடவை போனபோது அவனே வந்து, "சாப்பிட்டீகளா அத்தை?" என்றான். கேட்டதால் உறவு அறுந்து போய்விடவில்லை. அறுந்துவிடும் என்று பயந்து ஒரு ஆயுசையே ஓட்டியவள் நான்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன். நீ காலேஜ் முடித்த வருஷம். அப்பா இறந்து இரண்டாவது வருஷம். தேனி அல்லிநகரத்தில் மோட்டார் சாமான் கடையில் கணக்கு வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவுக சொன்ன சம்பளம் பத்தாதுன்னு சொல்லிட்டேன்மா. இவ்வளவு வேணும்னு கேட்டுட்டேன். நாளைக்குச் சொல்றேன்னாக" என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடுக்கிறதை வாங்காமல் கேட்டுவிட்டானே, வேலை போச்சே என்றுதான் பயந்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, சுருளிப்பட்டிக்குப் போய், அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் சொல்லி ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். கடைக்குப் போகவில்லை, விசாரித்து அந்த முதலாளி வீட்டுக்கே போனேன். அவர் வீட்டம்மாவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். முதலாளி வெளியே வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "எம்மகன் வெவரம் தெரியாம கேட்டுட்டான்யா. மனசுல வச்சுக்காதீக. நீங்க பாத்து எது குடுத்தாலும் சரிதான். வேலைய மட்டும் குடுத்துருங்க." அவர் சிரித்தார். "அவன் கேட்டத குடுத்துரலாம்னுதாம்மா இருந்தேன். பையன் வெவரமாத்தான் பேசுனான். சரி, தாயே வந்து சொன்ன பெறகு நான் என்ன செய்ய? முன்னால சொன்னதையே வச்சுக்குவோம்."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இல்லையில்லை, அவன் கேட்டதைக் கொடுங்கள் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. கும்பிட்ட கையோடு திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினேன். சாயங்காலம் நீ வந்து, "வேலை கெடச்சிருச்சும்மா. ஆனா நான் கேட்டத குடுக்கலை. நான் கேட்ட வெதந்தான் சரியில்ல போல" என்றாய். நான் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "கெடச்சதே பெருசுய்யா" என்றேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு நீ எங்கேயும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் உனக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனபோதும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு சேர்த்துக் கேட்கக்கூடத் தயங்கினாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஒரு முள் திரும்பியது. உன் குணமே அப்படி என்று தேவி சொல்வாள். இல்லை. உன் பெண்டாட்டிக்குத் தெரியாது, நீ சம்பளம் கேட்கிற பையனாகத்தான் இருந்தாய். நீ சரியாகக் கேட்டாய், நியாயமாகக் கேட்டாய், உனக்குக் கிடைத்தும் இருந்தது. கெடுத்தவள் நான்.

பயத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பயம் உண்மைதான், அந்த வருஷம் நம் வீட்டு நிலைமை உனக்கே தெரியும். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட்டால் போகவேண்டாம் என்று சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. உனக்கு அது தெரியவேண்டும்.

அதனால், திங்கட்கிழமை அவர்களிடம் பேசும்போது உன் தலையில் ஓடுகிற பழைய கணக்கை அழித்துவிட்டுப் பேசு. மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள்தானே. மற்ற நாளில் போனை எடுத்துப் பேசுவதும் வேலைதான், நான் லாரிக்குக் காத்திருந்த மாதிரி. அதற்கு என்ன கொடுப்பார்கள் என்று கேள். போகப் போக முழு வேலையாக்குகிறோம் என்கிறார்களாமே, எந்த மாதம் என்று கேள். எழுதிக் கொடுக்கச் சொல். குரல் பிசிறினால் பிசிறட்டும், எனக்கும்தான் பிசிறியது. கேட்டதெல்லாம் கிடைக்காது, எனக்குப் பஸ் காசு கிடைக்காத மாதிரி ஏதோ ஒன்று போகும். ஒருவேளை, வேண்டாம் போய்யா என்றே சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் எனக்கும் பயம் வரும், மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் எந்த வீட்டு வாசலுக்கும் போய் நிற்க மாட்டேன். கோயம்புத்தூர் பஸ்ஸும் ஏற மாட்டேன். நீ கேட்டது கேட்டதாகவே இருக்கும்.

இதை வாசித்ததும் என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். உடனே போன் போட்டுத் திட்டாதே. திட்டினால் நான் அழுவேன், நான் அழுதால் நீ என்னைச் சமாதானப்படுத்துவாய், அந்த வேகத்தில் அங்கேயும் சரி சரி என்று சொல்லிவிடுவாய். முதலில் அவர்களிடம் பேசு. நீயாக யோசித்து, உனக்குத் தோன்றுவதைக் கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு எனக்குக் கூப்பிடு. திங்கட்கிழமை எனக்கு வேலை நாள், போனைப் பையில்தான் வைத்திருப்பேன். ஒரு மணிக்கு மேல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் திட்டு.

அம்மா